உள்ளே இருப்பவர்: ஒருவர்

எங்கள் தோட்டத்தின் பெயர் தாமதத் தோட்டம். அங்கே வரும் மாலைப் பொழுது கிளம்ப மனமில்லாமல் தாமதிக்கும் என்பது பெயர் வைத்த பெரியவர்கள் சொன்ன அர்த்தம். கட்டி முடிக்க ஒன்றரை வருடம் தாமதமானதால் வந்த பெயர் என்பது சூச்சோ நகரத்து டாக்ஸிக்காரர்கள் சொன்ன அர்த்தம். "உனக்குன்னே வச்ச பேருப்பா" என்றாள் என் மகள். நான் அதன் துணை மேலாளர், தாவ் கன்ஷிங். வயது ஐம்பத்தேழு. மூன்று அர்த்தங்களில் எதையும் மறுக்கும் நிலையில் நான் இல்லை.

திறப்பு விழா முடிந்து நாலாம் நாள், மாலை நாலரை மணி. காலையிலிருந்து பிடித்த தூறல் விடவில்லை. வாடகைப் பட்டுடையில் படமெடுக்க வந்திருந்த ஒரு ஜோடி, நனைந்த ஓரங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசியாக வெளியேறியது. வாசலுக்கு மேலே சிவப்பு எழுத்துப் பலகையில் எண் இறங்கியது. உள்ளே இருப்பவர்: மூன்று. இரண்டு.

ஒன்று.

அங்கேயே நின்றது.

"நின்னுடுச்சு உங்க ஆளு," என்றாள் டிக்கெட் கிழிக்கும் ஜின் அக்கா, சூரியகாந்தி விதையைப் பல்லில் உடைத்தபடி.

"இன்னிக்குமா?"

"ஏன், இன்னிக்கு உங்க மாமியார் வீட்டு விசேஷமா, விட்டுக் குடுக்க?"

நாலு நாளாக இதே கதை. உள்ளே போகிறவரையும் வெளியே வருகிறவரையும் வாசல் வளைவில் இருக்கும் கருவி எண்ணும். எண் பூஜ்யத்துக்கு வந்தால்தான் மின்பூட்டு விழும். வராவிட்டால் பூட்டு விழாது. தீயணைப்புத் துறைக்குத் தானாகச் செய்தி போகும். "மீதமுள்ள நபர் குறித்த விளக்கம்" என்று ஒரு படிவத்தை நான் நிரப்ப வேண்டும். முதல் நாள் ஏழு பேர் டார்ச் வைத்து ஒவ்வொரு பாறை இடுக்காகத் தேடினோம். கிடைத்தது ஒரு குடையும் ஒரு காதலும்தான். காதல் எங்கள் காவலாளியுடையது. இரண்டாம் நாள் கருவிக் கம்பெனிக்கு போன் போட்டேன். "அணைச்சுப் போட்டீங்களா சார்?" என்றான் அந்தப் பையன். அணைத்துப் போட்டேன். பூஜ்யம் வந்தது. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது செய்தி வந்தது: உள்ளே இருப்பவர் ஒருவர். மூன்றாம் நாள் ஜின் அக்கா தன் மூளையைப் பயன்படுத்தினாள். கருவிக்குக் கீழே தவழ்ந்து கணக்கில் வராமல் உள்ளே போய், நிமிர்ந்து நடந்து கணக்கில் வரும்படி வெளியே வந்தாள். பூஜ்யம். நாங்கள் கை தட்டி முடிப்பதற்குள், ஆளில்லாத வளைவில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

ஒன்று.

படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "காய்ந்த இலை" என்று எழுதினேன். நல்ல பொய்யாகக்கூட இல்லை. தோட்டத்தின் நட்டநடுவில் இருந்த ஒரே பெரிய மரத்தைத் திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம்தான் நானே வெட்ட வைத்திருந்தேன்.

அதைச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் முன்பு பழைய வீடு ஒன்று இருந்தது. அதில் மிஞ்சியது வடக்கு முற்றம் மட்டும். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் குளத்தைப் பார்த்துத் திறப்பு, நடுவில் ஒரு கிழட்டுக் குளிர்ப்பூ மரம். குளிர்காலத்தில் இலையெல்லாம் போன பிறகு மெழுகில் செய்தது போல மஞ்சள் பூ விடும் ஜாதி. எங்கள் தோட்டங்களில் தூரத்துக் கோபுரத்தையோ மலையையோ கண்ணுக்கு இரவல் வாங்கி வைப்பது வழக்கம். எங்களுக்கு அந்தத் திறப்பு வழியாக இரவல் கிடைத்தது ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றும், அதன் பால்கனிகளில் காயும் நீள உள்ளாடைகளும். ஆகவே நாலாவது பக்கமும் சுவர் எழுப்பச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டேன். பெருமையாகத்தான் போட்டேன்.

கடைசிச் சோதனைக்கு வந்த இயக்குநர் வெய் முற்றத்தைப் பார்த்தார். அலுவலகத்துக்கு வந்து, தேநீரில் விரலைத் தோய்த்து மேசைமேல் 'மரம்' என்ற எழுத்தை எழுதினார். அதைச் சுற்றி நாலு கோடு இழுத்தார்.

"என்ன எழுத்து இது? படி."

படித்தேன். ஏழு வயதுப் பிள்ளை படிக்கும். எங்கள் சீன எழுத்தில் சொல்லே ஒரு படம்; நாலு சுவருக்குள் மரம் நின்றால் அது 'சிக்கல்'. போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டது.

"பெரிய மனுஷங்களக் கூட்டிட்டு வந்து சிக்கலுக்கு நடுவுல நிக்க வச்சு ஃபோட்டோ எடுப்பியா? ஒன்னு சுவரு போகணும், இல்ல மரம் போகணும்."

சுவரில் என் கையெழுத்து இருந்தது. மரத்தில் யாருடையதும் இல்லை.

"மரம்," என்றேன். யோசிக்க அரை நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. வாழ்க்கையில் நான் தாமதிக்காமல் செய்த ஒரே காரியம் அது.

மொட்டும் பூவுமாக இருந்ததை வெட்டினார்கள். வேரைத் தோண்டியபோது மண்ணுக்குள் ஒரு சின்னச் சோற்றுக் கிண்ணம் கிடைத்தது. நீல விளிம்பு, அதில் ஒரு பக்கம் உடைசல். கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது என்றான் தோண்டிய ஆள். "குப்பையோட போடு" என்றேன். மேலே கூழாங்கல் பதித்தோம். வேலை சுத்தம்.

இப்போது நாலாம் நாள். அன்று ஆண்டிலேயே நீண்ட இரவு. எங்கள் ஊரில் அன்றைக்கு ஐந்து மணிக்கெல்லாம் கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்துவிடுவார்கள். எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து பூ வாசம் போட்ட குளிர்கால மதுவோடு சாப்பிட்டாக வேண்டும். வர முடியாதவர்களுக்கும் இல்லாமல் போனவர்களுக்கும் ஒரு கிண்ணமும் குச்சிகளும் வைப்போம். என் மனைவி போன பிறகு நாலு வருடமாக எங்கள் மேசையில் அவளுக்கு ஒரு கிண்ணம் உண்டு. அதில் மூன்று வருடம், ஹார்பினிலிருந்து அத்தனை தூரம் வந்த மகள், அம்மாவின் கிண்ணத்துக்கு எதிரே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நான் ஏதாவது ஒரு பாறைக்கோ பாலத்துக்கோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த வருடம் ரயிலேறும் முன்பே சொல்லிவிட்டாள். "ஆறு மணிக்குச் சோறு. ஆறரைக்கு நீ வரலேன்னா நான் எட்டு மணி வண்டியப் புடிச்சுடுவேன். அடுத்த வருஷம் அம்மாவுக்கு வைக்கிற மாதிரி எனக்கும் ஒரு கிண்ணம் வச்சுட்டு நீயே சாப்பிட்டுக்க."

கருவிக் கம்பெனிக்குப் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பையனும் வீட்டுக்குப் போய்விட்டான். அவனுக்கும் ஓர் அப்பா இருப்பார், நேரத்துக்கு வருகிறவராக.

"பூட்டாம போயிடுங்களேன். நான் இருந்து பாத்துக்கறேன்," என்றாள் ஜின் அக்கா.

"பூட்டலேன்னா தீயணைப்பு வண்டி மணியடிச்சுக்கிட்டு வரும் அக்கா. படிவத்துல இந்தத் தடவ என்ன எழுத? பெரிய இலைன்னா?"

"அப்ப உள்ள போய் அந்த ஒரு ஆளக் கையோட கூட்டிட்டு வந்துருங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது. வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு வளைவைத் தாண்டினேன். 'டிங்.'

இரண்டு.

உள்ளே விளக்குகள் இன்னும் எரியவில்லை. வாழையிலைகளில் தூறல் சொட்டும் சத்தம். குளத்தில் மீன்கள் அடியில் போய்விட்டிருந்தன. நடைபாதை நெடுக ஒவ்வொரு மண்டபமாகத் தலையை விட்டு, "மூடியாச்சு! வெளிய வாங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே மளிகைக்கடைக்காரன் குரல் போலக் கேட்டது. குடியிருப்புப் பக்கமிருந்து எண்ணெயில் இஞ்சி பொரியும் வாசனையும், யார் வீட்டு டிவியோ, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தமும் வந்தன.

வடக்கு முற்றத்தின் வட்ட வாசலுக்குள் கால் வைத்தேன்.

சத்தம் எல்லாம் நின்றது.

டிவி இல்லை. தூறல் விழுவது தெரிந்தது, கேட்கவில்லை. இஞ்சி வாசனை போய், அந்த இடத்தில் வேறொன்று வந்தது. மெழுகும் தேனும் கலந்த குளிர்ந்த வாசனை.

குளிர்ப்பூ.

மரம் இல்லை. வாசனை இருந்தது.

கூரை இறவாணத்துக்குக் கீழே சுவரோரமாகத் தரை காய்ந்து கிடந்தது. அதில் ஈரக் கால்தடங்கள். சின்னவை. வெறுங்கால். சுவரை ஒட்டியே போய், மூலையில் திரும்பி, அடுத்த சுவரை ஒட்டிப் போய், மறுபடி திரும்பி. தடத்தின்மேல் தடம். எத்தனை சுற்று என்று எண்ண முடியவில்லை. நான் எழுப்பிய புதுச் சுவருக்கு முன்னால் மட்டும், நடுவில், தடங்கள் நெருக்கமாகக் குவிந்திருந்தன. அங்கே நின்று நின்று பார்த்த மாதிரி.

அங்கேதான் முன்பு திறப்பு இருந்தது.

"ஜின் அக்கா," என்றேன் வாக்கி டாக்கியில். கரகரப்புகூட வரவில்லை.

திரும்பி வட்ட வாசலைத் தாண்டி நடந்தேன். ஓடவில்லை, துணை மேலாளர் ஓடக் கூடாது. நடைபாதை, பாலம், மூங்கில், வளைவு, வட்ட வாசல்.

வடக்கு முற்றம்.

வழி தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நானே வரைபடம் போட்டு, நானே அம்புக்குறி நட்ட தோட்டம். மறுபடி நடந்தேன். இம்முறை அம்புக்குறிகளைத் தொட்டுத் தொட்டு. வெளியேறும் வழி. வெளியேறும் வழி. வெளியேறும் வழி.

வடக்கு முற்றம்.

மூன்றாம் தடவை ஓடினேன்.

கூழாங்கல்மேல் நின்று மூச்சு வாங்கினேன், சரியாக மரம் இருந்த இடத்தில். சுற்றிப் பார்த்தேன். நாலு சுவர். நடுவில் ஒரு மனிதன். இதைப் படிக்க எனக்கு யாரும் மேசைமேல் தேநீரில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இதுவும் ஏழு வயதுப் பாடம்தான்.

கைதி.

சிக்கலை எடுக்கிறேன் என்று கைதியை எழுதி வைத்திருக்கிறோம். ஒரு வாரமாக நூறு பேர் வந்து பார்த்தோம். ஒருவரும் படிக்கவில்லை.

சுவரோரம் காலடிச் சத்தம் கேட்டது. சப், சப், சப். ஈரப் பாதம். மூலையில் திரும்பியது. என் முதுகுக்குப் பின்னால் போனது.

கைபேசியை எடுத்தேன். மணி ஆறு பத்து. அந்த நேரத்தில் எனக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது, அதுவும் ஆத்திரத்தில். பேயிடம் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் என் மகள் நம்புவாளா? போன வருடம் பாறை விழுந்துவிட்டது என்றேன். அதற்கு முந்தின வருடம் குளம் ஒழுகுகிறது என்றேன். இரண்டும் உண்மை. இரண்டையும் நம்பவில்லை.

அழைப்பு போகவில்லை. குரல் செய்திப் பொத்தானை அமுக்கினேன். 

"குட்டி, கோவிச்சுக்காதம்மா. தப்பு என்னோடதுதான். உன்ன இவ்ளோ நாளா காக்க வச்சுட்டேன். கிளம்பிட்டியோ என்னமோ, எங்க இருந்தாலும் வா, வீட்டுக்குப் போலாம். சோறு ஆறிடும்."

பொத்தானை விட்டேன். செய்தி போகவில்லை. பக்கத்தில் சிவப்புக் குறி விழுந்தது.

காலடிச் சத்தம் நின்றிருந்தது.

வாசனை நெருங்கியது.

என் கோட்டின் பின் ஓரத்தை ஏதோ பிடித்தது. இழுக்கவில்லை. சந்தைக் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதென்று பிள்ளை பிடித்துக்கொள்ளுமே, அந்த அளவுக்கு.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டுமோ என்று இன்று தோன்றுகிறது. அன்று என் கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை. கால்கள் மட்டும் நடந்தன. நடைபாதை, பாலம், மூங்கில், வளைவு. கோட்டின் எடை குறையவே இல்லை.

வாசல்.

'டிங்.' 'டிங்.'

கட்டக் என்று மின்பூட்டு விழுந்தது. ஜின் அக்கா தலையில் ஸ்கார்ஃபைக் கட்டியபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் ஒட்டிய விதைத் தோலைத் துடைக்கவும் மறந்திருந்தாள்.

"நீங்க ஒருத்தர்தான வந்தீங்க?"

"ஆமா."

"ரெண்டு குறைஞ்சுது."

"கருவி கோளாறு அக்கா. நான் போகணும்."

"கன்ஷிங்கு." மெதுவாகச் சொன்னாள். "உங்க கோட்டுப் பின்னாடி ஈரமா இருக்கு. கை வச்ச மாதிரி."

மின்சார ஸ்கூட்டர் அன்று மேட்டில் ஏற மறுத்தது. என் ஒருவனைச் சுமப்பதற்கே தினமும் அலுத்துக்கொள்ளும் வண்டி அது. பின்சீட்டைத் திரும்பிப் பார்க்காமல், மழையில், கெஞ்சிக் கெஞ்சி ஓட்டிப் போனேன்.

மகள் ரூய் வீட்டு வாசலில் நின்றாள். கையில் பெட்டி. காலில் பூட்ஸ், ஒன்றுக்கு மட்டும் ஜிப் போட்டிருந்தாள்.

"ஆறு முப்பத்தெட்டு," என்றாள்.

"மெசேஜ் போட்டேனே."

"ஒன்னும் வரல. பாறையா, குளமா, இந்த வருஷம்?"

கைபேசியை நீட்டினேன். சிவப்புக் குறியைப் பார்த்தாள். பொத்தானை அமுக்கிக் காதில் வைத்துக் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் மாறியது. அவளுக்கு அம்மா முகம். கோபம் போவதற்கு முன் மூக்கு சிவக்கும்.

"இதெல்லாம் நேர்ல சொல்ல வராதா உனக்கு?"

"நேர்ல வந்தாத்தான சொல்றதுக்கு."

சிரித்துவிட்டாள். பூட்ஸைக் கழற்றினாள். பிறகு புருவத்தைச் சுருக்கி, "கடைசில யாரு அது?" என்றாள்.

"எது?"

செய்தியை எனக்குப் போட்டுக் காட்டினாள். *சோறு ஆறிடும்*, என்றது என் குரல். அதற்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் மௌனம். அப்புறம், கைபேசிக்கு மிக அருகில், சின்னதாக ஒரு சத்தம்.

"ம்."

"ஜின் அக்கா," என்றேன்.

"ஜின் ஆன்ட்டிக்கு என்ன, குழந்தக் குரலா?"

"சளி புடிச்சிருக்கு."

உள்ளே போனோம். மது சூடாக இருந்தது. பன்றி இறைச்சி சீனி போட்டுப் பளபளவென்று வெந்திருந்தது. வீட்டுக்குள்ளும் மெழுகும் தேனும் கலந்த அந்த வாசனை.

"பூ வாங்கிட்டு வந்தியா? எங்க?" என்றாள். நான் கையைக் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் மேசையைப் பார்த்தபடி நின்றாள்.

"எதுக்குப்பா நாலு கிண்ணம்? உனக்கு, எனக்கு, அம்மாவுக்கு. இது யாருக்கு? இதுல ஒடசல் வேற. இத எங்க புடிச்ச?"

சின்னச் சோற்றுக் கிண்ணம். நீல விளிம்பு. உள்ளே ஒட்டியிருந்த மண் இன்னும் ஈரமாக இருந்தது.

எடுத்துக் கழுவினேன். என்ன செய்வதென்று தெரியாமல்தான் கழுவினேன். சோறு போட்டு, இறைச்சியில் கொழுப்பில்லாத துண்டாகப் பார்த்து ஒன்று வைத்து, மேசையின் நாலாவது பக்கத்தில் வைத்தேன். மகள் அதைப் பார்த்தபடியே குச்சிகளை எடுத்தாள். அப்பாவுக்கு வயதாகிறது என்று நினைத்திருப்பாள். சாப்பிட்டோம். நாலு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் சூடான சோறு சாப்பிட்டோம். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாத்திரம் எடுக்கும்போது பார்த்தேன். மனைவியின் கிண்ணத்துச் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.

மற்றது காலியாக இருந்தது.

அடுத்த வாரம் என் கையெழுத்துப் போட்ட சுவரை என் கையெழுத்துப் போட்டே இடித்தேன். இயக்குநர் வெய் கத்திய கத்தலுக்குக் குளத்து மீன் மேலே வந்தது. உள்ளாடைகள் மறுபடி தெரிகின்றன. பட்டுடைக்காரர்கள் இப்போது அதற்கு முன்னால் நின்றுதான் படமெடுக்கிறார்கள். பலகை ஒவ்வொரு மாலையும் பூஜ்யத்தில் நிற்கிறது. "உங்க ஆளு லீவு போல," என்கிறாள் ஜின் அக்கா, என் கோட்டைப் பார்க்காமல்.

ரூய் ஊருக்குப் போய்விட்டாள். வாரம் ஒரு தடவை பேசுகிறாள். போன ஞாயிறு, "பக்கத்துல யாருப்பா? நடக்குற சத்தம் கேக்குது," என்றாள். டிவி என்றேன். "நல்லது. தனியா இல்லாம இருக்கியே," என்றாள்.

நான் கோழை. ஆனால் என் தப்பு எது என்று தெரிந்த கோழை. அதனால் தினமும் படுக்கும் முன் தெற்குச் சன்னலைத் திறந்து வைக்கிறேன், பல் கிட்டும் குளிரிலும். நாலு பக்கமும் அடைத்து இன்னொரு முறை யாரையும் கைதியாக எழுதிவிடக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் போகலாம், சொல்லிவிட்டுக்கூடப் போக வேண்டாம்.

அப்புறம்தான் ஒரு நாள், மகளுக்குச் செய்தி எழுதும்போது விரல் நின்றது. எங்கள் ஊர்ப் பேச்சில் மகளைச் செல்லமாகக் 'குட்டி' என்று கூப்பிடுவதற்கு ஒரு சொல் உண்டு. நான் அந்த முற்றத்தில் உரக்கச் சொன்ன சொல். அதை எழுத்தில் எழுதினால் நாலு சுவர். அதற்குள்ளே ஒரு பெண்.

கைதி இல்லை. வீட்டுப் பெண்.

அன்று இரவும் சன்னலைத் திறந்து வைத்தேன். இன்றும் திறந்து வைப்பேன். ஒவ்வொரு காலையும் எழுந்து பார்த்தால் அது சாத்தியிருக்கிறது. உள்பக்கமாக. அந்தச் சன்னலுக்கு இரண்டு கொக்கி. மேல் கொக்கி தொங்கிக்கொண்டிருக்கும்.

சின்னக் கைக்கு எட்டுகிற கீழ்க் கொக்கி மட்டும் போட்டிருக்கும்.